அம்புக் குறியும் ஒரு தலைகீழ் ஏழும்

துருவை நான் மன்னித்துவிடுவேன். பளபளப்பை மட்டும் இந்தத் தொழிலில் இருக்கிற எவனாலும் மன்னிக்க முடியாது.

பழைய பட்டாளத்துக் கைக்கருவிகளைத் தேடிப் பிடிப்பது என் தொழில். ஸ்பேனர், சுத்தியல், குறடு, குந்தாலி, மடக்கு மண்வெட்டி. தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் ஒரு சந்தில் பத்துக்குப் பத்து கடை. பிடித்ததை நான் வைத்துக்கொள்வேன், மிச்சத்தை என்னைப் போலவே பைத்தியம் பிடித்த நாலு பேருக்கு விற்பேன். இதைப் படிக்கிற உங்களில் யாராவது பழைய இரும்புக் கடை வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, குவியலுக்குள் கையை விட்டுக் கிழித்துக்கொண்டவராக இருந்தால், டெட்டனஸ் ஊசி போட்ட அந்தக் கையைக் கொடுங்கள், குலுக்குவோம்.

பட்டாளத்துச் சாமானை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பார்கள். மூன்று கோடு ஒரு முனையில் கூடி நிற்கும், கோழி மிதித்த தடம் மாதிரி. படைக்குச் சொந்தமான பொருள் என்று வெள்ளைக்காரன் காலத்தில் அடித்த அம்புக் குறி அது. பிறகு நம் பட்டாளத்திலும் தொடர்ந்தது. பக்கத்தில் வருஷம் இருக்கும், செய்தவனின் எழுத்து இருக்கும். இருந்தால் அது சாட்சி சொல்லும். இல்லாவிட்டால் வெறும் இரும்பு. நான் தாத்தாவும் அப்பாயியும் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தவன். அந்தக் கதைகளில் காணாமல் போன ராஜகுமாரனைக் கடைசியில் தொடையில் இருக்கிற மச்சத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். வருகிற வழியில் எவனும் அவனைப் பிடித்து உட்காரவைத்து மச்சத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு அனுப்பவில்லை. என் தொழிலில் அது தினம் நடக்கிறது.

ஆனால் எனக்குக் கோபம் வந்தால் வெளியே தெரியாது. குரல் அப்படி. அடிவயிற்றிலிருந்து கத்தினேன் என்று நானே நினைத்துக்கொண்டிருப்பேன், எதிரில் இருப்பவர் "என்னா?" என்று காதைத் திருப்புவார். கடையில் கேட்காமல் போனதை எல்லாம் இங்கே எழுதுகிறேன். எழுத்துக்குத் தொண்டை வேண்டாம்.

பூசைக்கு முந்தின நாள்

அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு ரைஸ் மில். முதலாளி முருகையன் போன் செய்தார். "எங்கப்பா யுத்தம் முடிஞ்சப்ப ஏலத்துல எடுத்த ஸ்பேனரு அஞ்சு கெடக்கு தம்பி, வந்து பாரு." போனேன். ஒரே செட். ஐந்திலும் அம்பு, ஐந்திலும் ஒரே வருஷம். ஆசை தெரிந்துவிடக் கூடாதென்று டீ டம்ளரைத் தூக்கி வாயில் வைத்துக்கொண்டேன். "ஆயுத பூசை கழிச்சு வந்து எடுத்துக்க. பூசையில வெக்காம குடுத்தா மில்லுக்கு ஆவாது" என்றார். நியாயம்தானே என்று வந்துவிட்டேன்.

ஆயுத பூசையில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். சந்தனம், குங்குமம், பொரி கடலை. ஆனால் அதற்கு முந்தின நாள் ஒரு வேலை இருக்கிறதே, அதை மறந்து தொலைத்தேன். சாமி முன்னால் வைக்கிற சாமான் பளிச்சென்று இருக்க வேண்டாமா? மில்லில் கிரைண்டிங் மெஷின் இருக்கிறது. பூசைக்கு மறுநாள் போனால், ஐந்து ஸ்பேனரும் தாம்பாளத்தில் படுத்திருக்கின்றன. வழவழவென்று தேய்த்து, சில்வர் பெயிண்ட் அடித்து, அதற்கு மேல் மூன்று விரல் சந்தனம். அம்பு இருந்த இடத்தில் சரியாக ஒரு குங்குமப் பொட்டு. எண்பது வருஷம் துரு தொடாமல் விட்டதை இவர் ஒரு மத்தியானத்தில் முடித்துவிட்டார். நான் வாயைத் திறந்து என்னென்னவோ சொன்னேன். மில் ஓடுகிற சத்தத்தில் உதடு அசைந்தது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கும். நன்றி சொல்கிறேன் என்று நினைத்து முதுகில் தட்டினார்.

"அன்னிக்கே பாத்தேன் தம்பி, பழசா இருக்கேன்னு உன் மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு, அதான் உனக்காகவே புதுசாக்கி வெச்சேன்!"

வல்லத்து டீச்சர்

என் கடையில் கல்லாவுக்கு மேலே ஓர் ஆணியில் பன்னிரண்டு அங்குல ஸ்க்ரூ ஸ்பேனர் ஒன்று தொங்கும். வாயைக் கூட்டிக் குறைக்கிற வகை. இரண்டு பக்கமும் மொழுமொழுவென்று முகம் பார்க்கலாம். அம்பும் இல்லை, வருஷமும் இல்லை. ஒரு சேகரிப்பாளனும் அதைக் கையால் தொடமாட்டான். "ஒரு மகாபாவி பார்த்த வேலை, இப்படி மட்டும் செய்துடாதீங்க" என்று வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கே மாட்டி வைத்திருந்தேன்.

ஒரு நாள் காலையில் ஸ்டெல்லா டீச்சர் வந்தார். வல்லத்தில் இருக்கிறார், பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா ஞானப்பிரகாசம், பட்டாளத்தில் வண்டிப் பட்டறை ஃபிட்டர். ஓய்வு பெறும்போது, கழித்துப்போட்ட சாமான் ஏலத்தில் ஒரு பச்சை மரப்பெட்டி நிறையக் கருவிகளை எடுத்து வந்தவர். இப்போது வயது எண்பத்தாறு. ஞாபகம் வருவதும் போவதுமாக இருக்கிறது. மகளையே சில நாள் "யாரும்மா நீ" என்கிறார். ஆனால் விடிந்ததும் மறக்காமல் ஒன்று கேட்கிறார்: "என் ஸ்பேனர் எங்க? ரோல்கால்ல கேப்பான்." அது கையில் கிடைக்கும் வரை காலைச் சாப்பாடு கிடையாது. அழுகிறாராம். ராத்திரி சோறும் கால் வயிறுதான் என்பதால் ஆள் பாதியாகிவிட்டார்.

வேறு ஸ்பேனர் வாங்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டைவிரலால் பிடியைத் தடவிப் பார்ப்பார். அதில் அவருடைய பட்டாளத்து நம்பர் இருக்க வேண்டும், ஏழு இலக்கம், எண் பதிக்கிற பஞ்ச் வைத்து அவரே அடித்தது. அவசரத்தில் கடைசி ஏழைத் தலைகீழாக அடித்துவிட்டாராம். விரலுக்கு அந்தக் கோணல் ஏழு தட்டுப்படவில்லை என்றால் தூக்கி எறிந்துவிடுவார். டீச்சர் சொல்லிக்கொண்டே என் கடையைச் சுற்றிப் பார்த்தார். ஆணியில் தொங்கியதைக் கழற்றி ஒரு நிமிஷம் கையில் வைத்துப் பார்த்து, "இது புதுசா தம்பி?" என்று கேட்டு மாட்டிவிட்டார். எப்படியாவது கண்டுபிடித்துத் தருகிறேன் என்றேன். இரண்டாவது தடவை சொன்னபோது அவருக்குக் கேட்டது. வாசல் இறங்கும்போது திரும்பிப் பார்த்தார்.

"கொஞ்சம் சீக்கிரம் தம்பி, போன வாரம் குடுத்த புது ஸ்பேனர ஜன்னல் வழியா வீசிட்டாரு, பக்கத்து வீட்டு ஆடு நொண்டுது."

சிங்கப்பூர் போன்

அந்தப் பெட்டி எங்கே போனது? டீச்சர் குடும்பத்துக்குச் சொந்த ஊர் கீழ்வேளூர். அம்மா இறந்த பிறகு அப்பாவை டீச்சர் வல்லத்துக்கு அழைத்து வந்துவிட்டார். ஆறு வருஷத்துக்கு முன்னால் கீழ்வேளூர் வீட்டைக் காலி செய்தது சிங்கப்பூரில் இருக்கிற அவர் தம்பி பிரான்சிஸ். நம்பர் வாங்கிப் பேசினேன். ஒன்றரை நாளில் வீட்டைத் துடைத்துக் காலி செய்ததைச் சாதனை மாதிரி சொன்னார். கருவிப் பெட்டி? எடைக்குப் போட்டாயிற்று. எந்தக் கடை? "பஸ் ஸ்டாண்டு பக்கம்... இல்ல, ரயில்வே கேட்டு பக்கமா? ஒரு ஆளு தள்ளுவண்டி கொண்டாந்தாரு."

ஒரு மனிதன் முப்பது வருஷம் கையில் பிடித்து, தன் நம்பரை அடித்து வைத்த பொருள். அதைப் பழைய டப்பாவோடும் ஓட்டை வாளியோடும் தராசில் ஏற்றியிருக்கிறார். எனக்குக் காது சூடாகிவிட்டது. "கொஞ்சமாவது யோசிச்சீங்களா சார்?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் "ஹலோ? ஹலோ? லைன் கட்டாவுது" என்று குரல். லைன் நன்றாகத்தான் இருந்தது, என் தொண்டைதான் வழக்கம்போல. மறுபடி கேட்டேன்.

"அட அதுக்கா ப்ரோ இவ்ளோ டென்ஷன், எங்கப்பா படுத்திருக்கற ரூம்ல திருகறதுக்கு ஒரு நட்டாவது இருக்கா?"

பூசை அறையில் குந்தாலி

கீழ்வேளூருக்கு மூன்று தடவை போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த பழைய இரும்புக் கடையில் ஒன்றும் தெரியவில்லை. ரயில்வே கேட் பக்கம் இருந்த கடை இடம் மாறிவிட்டது என்றார்கள், எங்கே என்று தெரியவில்லை. இரண்டாவது தடவை போனபோது, "பட்டாளத்துச் சாமான்தானே? கோவிந்தசாமி வூட்டுல ஒரு குந்தாலி இருக்கு" என்று டீக்கடையில் ஒருவர் கைகாட்டினார். கோவிந்தசாமி, நாலு மா நிலத்தில் சம்பா போடுகிற விவசாயி. வரவேற்று மோர் கொடுத்து, பூசை அறைக்கே கூட்டிப் போனார்.

மண் கொத்துகிற அந்தக் குந்தாலியின் தலை தலைகீழாகத் தொங்குகிறது. தலைகீழாகப் பார்த்தால் அந்த அம்பு என்னவாகத் தெரியும்? மூன்று கோடு, கீழே கூடி, மேலே விரிந்து. சாட்சாத் நாமம். நடுக்கோட்டுக்குச் சிவப்பும் இரண்டு பக்கமும் வெள்ளையும் பெயிண்டில் தீட்டி, மாலை மாட்டுவதற்காகச் சரியாக வருஷம் இருந்த இடத்தில் டிரில் போட்டு ஓட்டை. வாய்க்கால் வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து பெருமாளே வந்தார் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. பெயிண்டையாவது சுரண்டலாம். ஓட்டையை என்ன செய்வது? எரிச்சலில் என்னையும் மீறி உண்மையைச் சொல்லிவிட்டேன். "ஐயா, இது பெருமாள் இல்லீங்க. கவர்மெண்ட் சொத்துன்னு அடிச்ச முத்திரை." அவர் கொஞ்சம்கூட அசரவில்லை. சூடத்தட்டை என் பக்கம் நீட்டினார்.

"கவர்மெண்டுன்னா கும்பிடக் கூடாதா தம்பி, தாலுகா ஆபீசுல பின்ன என்ன பண்றோம்?"

பச்சை

முத்துப்பேட்டையிலிருந்து ஒருவர் வாட்ஸப்பில் விடாமல் எழுதினார்: மிலிட்டரி ஐட்டம் இருக்கிறது, வேறு ஆள் கேட்கிறார்கள், உடனே வாருங்கள். போட்டோ அனுப்புங்கள் என்றால் மங்கலாக ஒரு பச்சை. ஒருவேளை டீச்சர் அப்பாவின் பெட்டியில் இருந்த சாமான் கைமாறி அங்கே போயிருக்குமோ என்று ஒரு நப்பாசை. பைக்கில் போனேன், மழை வேறு. அங்கே பார்த்தால் விவசாய ஆபீசில் மானியத்தில் கொடுத்த மருந்தடிக்கிற பம்பின் ஸ்பேனர். போன வருஷத்து லேபிள் இன்னும் ஒட்டியிருக்கிறது. லேபிளைத் தொட்டுக் காட்டினேன். நான் பேசினால்தான் கேட்காது, விரல் காட்டினால் தெரியுமே.

"ஆபீசுல குடுத்ததுதான், நான் இல்லங்கல, ஆனா பச்சையா இருக்கா இல்லியா, அதச் சொல்லுங்க!"

மெதுவாகப் பேசுகிறவன்

வெறுங்கையோடு திரும்ப மனமில்லை. அங்கேயே ஒரு மீன்பிடிக்காரரிடம், அலையாத்திக் கிளை கழிக்க வைத்திருந்த பட்டாளத்து வெட்டரிவாள் ஒன்று கிடைத்தது. அம்பு சுத்தமாக இருந்தது. அந்த நாளில் நடந்த ஒரே நல்ல காரியம். சாக்கில் சுற்றி பைக்கில் கட்டிக்கொண்டு வருகிறேன், வழியில் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் சோதனை போட நிற்கிறார்கள். சாக்கைப் பிரித்ததும் இரண்டு பேரும் ஓரடி பின்னால் போனார்கள். நான் விளக்கினேன். அம்பு, வருஷம், சேகரிப்பு. அவர்களில் மூத்தவர் காதை நீட்டினார். மறுபடி விளக்கினேன். இன்னும் நீட்டினார். ஓரமாக முக்கால் மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். பக்கத்தில் ஒரு லாரி டிரைவர் அவர்களிடம் வானத்துக்கும் பூமிக்கும் குதித்துக் கத்தினார். அவரைச் சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்கள். கடைசியில் கடையின் போர்டு போட்டோ, என் அடையாள அட்டை எல்லாம் பார்த்துவிட்டு விடும்போது, அவரை மட்டும் ஏன் உடனே விட்டீர்கள் என்று கேட்டேன்.

"கத்தறவன்ட்ட எங்களுக்குப் பயம் இல்ல தம்பி, அருவாள வெச்சிக்கிட்டு இவ்ளோ மெதுவா பேசறியே, அதான்."

அம்பு அடிக்கிறவர்

இந்தத் தொழிலில் நான் உண்மையாகவே வெறுக்கிற ஆள் ஒருவர் உண்டு. திருச்சியிலிருந்து மாதம் ஒரு தடவை வருவார், பாஸ்கர் என்று பெயர். தேய்க்கிறவன் தெரியாமல் தேய்க்கிறான். இவர் தெரிந்தே அடிக்கிறார். புதுச் சுத்தியல் வாங்கி, அம்பும் வருஷமும் பஞ்ச் பண்ணி, உப்புத் தண்ணீர் தெளித்துச் சாணிக் குழியில் ஒரு மாதம் புதைத்து எடுத்தால் யுத்த காலத்துச் சாமான் தயார். உங்களையும் யாராவது இப்படி ஏமாற்றியிருப்பார்கள். ஒன்று மட்டும் பாருங்கள்: உண்மையான முத்திரையில் பள்ளத்துக்குள் இருக்கிற துருவும் வெளியே இருக்கிற துருவும் ஒரே வயதாக இருக்கும். இவருடையதில் வெளியே கிழவன், உள்ளே குழந்தை.

அன்றைக்கும் ஒன்றைக் கொண்டுவந்து கல்லாவில் வைத்தார். அம்புக்கு அரை அங்குலம் தள்ளி ஐ.எஸ்.ஐ. முத்திரை. எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். அவர் கோபப்படவே இல்லை, உட்கார்ந்து டீ சொன்னார். டீச்சர் அப்பாவின் கதை சந்து முழுக்கத் தெரியும், இவர் காதுக்கும் போயிருக்கிறது. "அதுக்கு ஏன் தம்பி ஊர் ஊரா அலையற? பழைய ஸ்க்ரூ ஸ்பேனரா ஒண்ணு எடு, நம்பரச் சொல்லு, கடைசி ஏழைத் தலகீழா வெச்சி அடிச்சித் தரேன். பெரியவரு சோறு திம்பாரு" என்றார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. ஓர் ஆளின் அடையாளத்தைக் கள்ளத்தனமாக உண்டாக்குவதா? அதைவிடப் பெரியவரைப் பட்டினி போடலாம் என்றேன். அப்படியேதான் சொன்னேன். பிறகு நினைத்து நினைத்துக் கூசிய வார்த்தை அது. நல்ல காலம் பாஸ்கருக்குப் பாதிதான் கேட்டது. டீயைக் குடித்து முடித்து எழுந்தார்.

"அம்ப நான் அடிச்சா என்ன, வெள்ளக்காரன் அடிச்சா என்ன தம்பி, இரும்புக்கு வலிக்கவா போவுது?"

ஒல்லியா ஒருத்தன்

நாலாவது தடவை கீழ்வேளூர் போனபோது, இடம் மாறிய அந்த இரும்புக் கடை கிடைத்தது. நாகப்பட்டினம் போகிற ரோட்டில், தகரக் கொட்டகை. கடைக்காரர் செல்வராஜ், தராசுக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பிரான்சிஸ் வீடு, சிங்கப்பூர், பச்சை மரப்பெட்டி என்று சொல்லச் சொல்ல அவருக்கு நினைவு வந்துவிட்டது. "ஆமா, மூடிக்கு உள்பக்கம் வேளாங்கண்ணி மாதா படம் ஒட்டியிருக்கும். அந்தப் பெட்டிதானே?"

அந்தப் படம் என் கல்லா மேஜையின் டிராயருக்குள் ஒட்டியிருக்கிறது. தொழில் ஆரம்பித்த முதல் வருஷம், அம்பு என்றால் என்னவென்று அரைகுறையாகத் தெரிந்துகொண்டு, எந்த ஊர், எந்தக் கடை என்றுகூட நினைவில் வைக்காமல் கண்ணில் பட்ட பெட்டியை எல்லாம் வாங்கிக் குவித்த காலம். பெட்டி செல்லரித்துப்போயிருந்தது. படத்தை மட்டும் தூக்கிப்போட மனமில்லாமல் எடுத்து ஒட்டினேன். உள்ளே இருந்த கருவிகளை ஒவ்வொன்றாக விற்றுத் தீர்த்தேன். ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் ஒரு பக்கம் அம்பு அழகாக இருந்தது. இன்னொரு பக்கம் எவனோ கோணல்மாணலாக நம்பர் அடித்து வைத்திருந்தான். அம்புக்கு அது அசிங்கம் என்று பட்டது. நம்பரை மட்டும் எடுத்துவிடலாம் என்று கிரைண்டரில் பிடித்தேன். எடுத்த பிறகு அந்தப் பக்கம் மட்டும் பளபளவென்று இருந்தது பிடிக்கவில்லை. திருப்பி இந்தப் பக்கமும் லேசாக. அந்த லேசில் அம்பும் போய்விட்டது. கெட்டுப்போனதால்தான் ஒருவனும் வாங்கவில்லை. அதனால்தான் ஆணியில் தொங்கியது. 'ஒரு மகாபாவி' என்று வருகிறவர்களிடம் சொன்னேனே, உங்களிடமும் சொன்னேனே, பொய் சொல்லவில்லை. ஆள் யாரென்று மட்டும் சொல்லாமல் விட்டேன். ஆனால் அந்த நம்பருக்குப் பின்னால் ஓர் ஆள் இருப்பார், அவர் காலையில் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார் என்பது அன்று என் மண்டையில் ஏறவே இல்லை.

"வாங்கிட்டுப் போனது யாருங்க?" என்று தெரிந்துகொண்டே கேட்டேன். என்னா என்றார். மறுபடி கேட்டேன். காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"ஒல்லியா ஒருத்தன், பேசுனா காதுலயே விழாது... ஏய், நீதானய்யா அது!"

ரோல்கால்

மறுநாள் காலையில் ஆணியிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு வல்லம் போனேன். டீச்சரிடம் வாசலிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நின்றேன். அவர் ஸ்பேனரை வாங்கி, நம்பர் இருந்திருக்க வேண்டிய இடத்தில் முந்தானையால் துடைத்துப் பார்த்தார். துடைத்தால் வருமா? பிறகு உள்ளே கூட்டிப் போனார். பெரியவர் ஜன்னல் ஓரம் நாற்காலியில் இருந்தார். பக்கத்து ஸ்டூலில் இட்லி ஆறிக்கிடந்தது.

கையில் கொடுத்தேன். எடையைத் தூக்கிப் பார்த்தார். திருகை உருட்டி வாயைத் திறந்து மூடினார். திருகுக்கு நடுவில் இருக்கிற ஊசியை நகத்தால் நிமிண்டினார். ஒரு காலத்தில் அந்த ஊசி ஒடிந்து, சைக்கிள் கம்பியை வெட்டி அவரே செருகியதாம், பிறகு டீச்சர் சொன்னார். அவர் முகம் மலர்ந்தது. அப்புறம் கட்டைவிரல் பிடியில் இறங்கியது. போனது, நின்றது. திரும்பி வந்தது. மறுபக்கம் திருப்பித் தடவினார். விரல் வழுக்கிக்கொண்டே போனது. இத்தனை வருஷத்தில் நான் பட்ட கோபம் அத்தனையும் சேர்த்தாலும் அந்தக் கிழவர் முகத்தில் வந்த கோபத்துக்குக் கால் தூசி ஆகாது.

"எந்த பேவகூஃப்டா இதத் தேச்சவன்?" என்று வீடு அதிரக் கத்தினார். பேவகூஃப் என்றால் பட்டாளத்து இந்தியில் முட்டாள். "நாந்தாங்கய்யா" என்றேன். "என்னா?" என்றார். "நாந்தாங்கய்யா." "என்னாடா முனகற, ரிப்போர்ட்டு ஒழுங்காக் குடு!" மூன்றாவது தடவை என் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. "நாந்தாங்கய்யா தேச்சேன்!" பக்கத்து வீட்டு நொண்டி ஆடு மிரண்டு கத்தியது. தெருவில் போன சைக்கிள் ஒன்று நின்றது. பெரியவர் தலையை ஆட்டினார். "ம். பஞ்ச் செட்டு கொண்டா. ஜல்தி."

வல்லத்தில் லேத் பட்டறை ஒன்றில் நம்பர் பஞ்சும் சுத்தியலும் இரவல் வாங்கி வந்தேன். அவருக்குக் கை நடுங்கியது. என்னையே அடிக்கச் சொன்னார். வாசல்படிக் கல்லின் மேல் வைத்தோம். மகள் பெயர் மறந்தவர், தன் நம்பரை ஒவ்வோர் எண்ணாகத் தடங்கல் இல்லாமல் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் ஓர் அடி. ஆறு முடிந்து ஏழாவதுக்கு பஞ்சை நேராக வைத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார். "கடைசி ஏழு தலகீழு." எனக்குத் திருச்சி பாஸ்கரின் ஞாபகம் வந்தது. அவர் சொன்ன அதே காரியம், அதே தலைகீழ் ஏழு, இப்போது என் கையில். சுத்தியல் இறங்கவில்லை. "ஐயா, நான் அடிச்சா இது டூப்ளிகேட் ஆயிடுமேங்கய்யா" என்றேன், நன்றாகக் கேட்கும்படியாகவே. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். டீச்சர் இட்லித் தட்டோடு பின்னால் நின்றார்.

"நம்பரு என்னுது, சாமானு என்னுது, இதுல டூப்ளிகேட் யாருடா, நீயா? அடிடா!"

அடித்தேன், அவர் நாலு இட்லி சாப்பிட்டார், கீழவாசல் கடையில் இப்போது அந்த ஆணி மட்டும் வெறுமனே இருக்கிறது, மகாபாவியைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நேரே என்னையே காட்டிக்கொள்கிறேன், இரண்டாம் தடவை சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லாமல்.